ஆறெட்டு நாற்பத்தெட்டு

புதுப்பந்தை ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு
எங்கடை கப்டன் ஒருநாளும் யோசிச்சதில்லை.
வாய்க்கால் பக்கமிருந்து றெக்சன்,
பள்ளிக்கூடப் பக்கமிருந்து வேழவன்.
மற்றதெல்லாம் பிறகு.

முத்தையன்கட்டு இடதுகரை அணிக்கு
இடதுகையன் ஒருத்தன் வந்து வாய்ச்சது
பேர்ப்பொருத்தமோ என்னவோ.
சீசனுக்கு அலம்பிலுக்குப் போய்
கரைவலை இழுக்கிற தோள் அது.
அவன் விட்ட பந்து நேரே வரும்,
நேரேதான் வருகுதெண்டு நம்பி
துடுப்புக்காரன் காலை முன்னுக்கு வைப்பான்.
அந்த நேரம் பாத்து
அடுப்பிலை பால் வைச்சிட்டு வந்த ஞாபகம் மாதிரி
சடாரெண்டு உள்ளுக்குத் திரும்பும்.
நடு விக்கற் நிலத்திலை உருளும்.

வேழவன் வேறை சாதிப் பந்து.
பகலிலை றோட்டுக்குத் தார் ஊத்துறவன்,
பின்னேரம் பந்தையும் அந்தச் சூட்டோடைதான் எறிவான்.
குத்தினால் நெஞ்சுக்கு வரும்.
போன மாசி ஒட்டுசுட்டான் தொடக்கக்காரன்
முதல் பந்தோடை துடுப்பைக் கீழை போட்டிட்டு
விரலை ஒண்டொண்டா எண்ணினான்.
பத்தும் இருந்தது.
ஆனாலும் திரும்பி எடுக்கேல்லை.

மூண்டாவதாப் போடுறவன் கீர்த்தனன்.
அவனும் நல்லாத்தான் போடுவான்.
எனக்கு டீசல் காசு தரவேணும்,
ஆனபடியால் இவ்வளவு போதும்.

வெளியூராக்கள் கேப்பினம்,
இவங்கள் ஏன் ஆறே ஆறு எட்டு ஓடுறாங்கள் எண்டு.

நாங்கள் திரும்பி வந்து குடியேறின வருசம்
மைதானம் பாதிதான் எங்களுக்கு.
மிச்சத்துக்குச் சிவப்புப் பலகை, மஞ்சள் நாடா.
நாடாவைத் தாண்டி அடிச்சால்
நாலில்லை, ஆறில்லை, அவுட்.
பந்துக்காசும் அடிச்சவன்தான்.
போடுறவனுக்குப் பின்னாலையும் நாடா,
ஓடிவரக் கிடைச்சது ஆறெட்டு.
பதினொரு வயசுப் பெடியள் ரெண்டுபேர்
காலிலை கிடைக்காத வேகத்தைத்
தோளிலை தேடி எடுத்தாங்கள்.

நாடா போய்ப் பத்து வருசத்துக்கு மேலை.
கிளிநொச்சியிலை இருந்து வந்த பயிற்சியாளர்
பதினெட்டு எட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு
இங்கையிருந்து ஓடடா தம்பி எண்டார்.
றெக்சன் கோட்டிலை நிண்டான்,
தலையைச் சொறிஞ்சான்,
பன்னிரண்டு எட்டு நடந்து வந்தான்,
பிறகு ஆறு ஓடினான்.
அவர் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போயிட்டார்.

நேற்றுக் கடைசி ஆட்டம்.
வவுனியாவிலை இருந்து வானிலை வந்தாங்கள்,
புது உடுப்பு, முதுகிலை பேர்.
நான் வெட்டு மெசினை வரம்போரம் விட்டிட்டு
அதுக்கு மேலை ஏறி இருந்தன்.
வயல்காரன் ஏழுதரம் போன் எடுத்தான்.
எட்டாந்தரம் எடுக்கேக்கை அவங்கள் முடிஞ்சுது.
நாற்பத்தேழு. எல்லாரும்.
முதுகிலை கிடந்த பேரை வாசிக்கவும் நேரமில்லை.

ஆறெட்டு நாற்பத்தெட்டு.
வெல்ல அவ்வளவுதான் வேணும்.
மூண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிஞ்ச வாய்ப்பாடு
எங்கடை துடுப்புக்காரருக்குத் தெரியேல்லை.
நாடாவுக்குப் பயந்து வளந்த கையள்,
தட்டித் தட்டி, தடவித் தடவி,
நாற்பத்திமூண்டுக்கு ஒன்பது விக்கற்.

கடைசியா நிண்டது ஆரெண்டு கேக்கிறியளோ?
அவங்கள் ரெண்டுபேருந்தான்.
நான் மெசினிலை இருந்து இறங்கிட்டன்,
உயரத்திலை இருந்து பாக்க ஏலாமல்.

றெக்சன் கண்ணை மூடினானோ தெரியாது,
சுத்தினான்.
பந்து பழைய நாடா நிண்ட இடத்துக்கு மேலாலை
போய்க்கொண்டே இருந்தது,
வெட்டாத நெல்லுக்கை விழுமட்டும்.
நடுவர் ரெண்டு கையும் தூக்கினார்.
சனம் உள்ளுக்கு ஓடுது.
அவன் மட்டும் துடுப்பைக் கக்கத்திலை வைச்சு,
தலையைக் குனிஞ்சுகொண்டு
வெளியிலை நடந்து வாறான்,
அவுட்டான ஆள் மாதிரி,
பந்துக்காசுக்குக் களிசான் பொக்கற்றைத் தடவிக்கொண்டு.

இண்டைக்குக் காலமை அந்த வயலை வெட்டினன்,
முதலாம் கியரிலை, மெல்ல மெல்ல.
பந்து இன்னும் ஆப்பிடேல்லை.